விலைச்சீட்டைப் படிப்பது எப்படி? கடையில் எழும் ஐயங்களும் விடைகளும்

சென்னையில் ஒரு பெரிய துணிக்கடையின் கணக்குப் பிரிவில் 17 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஆடி பிறந்தாலும், தீபாவளி நெருங்கினாலும், வீட்டில் யாருக்காவது கல்யாணம் நிச்சயமானாலும் உறவினர்களும் அக்கம்பக்கத்தாரும் என்னிடம் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போனதால், அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த விடைகளைக் கீழே தொகுத்திருக்கிறேன். முதலில் சொன்னதைப் பின்னால் திரும்பச் சொல்லவில்லை என்பதால் மேலிருந்து வரிசையாகப் படிப்பது நல்லது. கணக்குகளில் வரும் தொகைகள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. இன்றைய சந்தை விலையாக அவற்றைக் கொள்ள வேண்டாம்.

1. ஒரு பொருள் எவ்வளவு பெறும் என்று நமக்கே தெரியாதா? கடைக்காரர் எழுதியதை வைத்தா முடிவு செய்கிறோம்?

பால், தக்காளி, இட்லி அரிசி போன்றவற்றில் நமக்கு விலை தெரியும். வாரந்தோறும் வாங்குகிறோம், கிலோவுக்கு ஐந்து ரூபாய் ஏறினாலும் உடனே பிடிபட்டுவிடும். மிக்சி, சோபா, பட்டுப்புடவை, மூக்குக்கண்ணாடிச் சட்டம் ஆகியவற்றை ஐந்து பத்து ஆண்டுகளுக்கு ஒரு முறைதான் வாங்குகிறோம். அங்கே நம்மிடம் சொந்தமாக அளவுகோல் எதுவும் இல்லாததால், கண்முன்னே இருக்கும் ஏதாவது ஓர் எண்ணை அளவுகோலாக எடுத்துக்கொள்கிறோம். அந்த எண்ணை அங்கே வைப்பவர் கடைக்காரர்.

ஆமோஸ் ட்வெர்ஸ்கி, டேனியல் கானெமன் என்ற இரு உளவியலாளர்கள் 1974-இல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு சோதனையை விவரிக்கிறார்கள். எண்கள் எழுதிய சக்கரம் ஒன்றைச் சுழற்றிக் காட்டிவிட்டு, ஐ.நா. உறுப்பு நாடுகளில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை விழுக்காடு என்று கேட்டார்கள். சக்கரம் 10-இல் நின்றதைப் பார்த்தவர்களின் ஊகம் 25-ஐ ஒட்டியும், 65-இல் நின்றதைப் பார்த்தவர்களின் ஊகம் 45-ஐ ஒட்டியும் அமைந்தது. கேள்விக்கும் சக்கரத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனாலும் முதலில் கண்ட எண் மனத்தில் நங்கூரம்போல இறங்கிவிட்டது. சந்தையில் பேரம் பேசுகிறவர்களுக்கு இது புதிதன்று. வியாபாரி முதலில் சொல்லும் விலையிலிருந்துதான் நாம் இறக்கிக் கேட்கிறோம். அவர் 800 சொன்னால் 500-க்குக் கேட்போம், 500 சொல்லியிருந்தால் 300-க்குக் கேட்டிருப்போம்.

2. எம்.ஆர்.பி. என்பது அரசாங்கம் வைத்த விலைதானே? அதைவிடக் குறைத்துக் கொடுத்தால் நமக்கு லாபம்தானே?

அரசு வைத்த விலை அன்று. அரசு உச்சவரம்பு விதிக்கும் அத்தியாவசிய மருந்துகள் போன்ற சிலவற்றைத் தவிர, பொட்டலத்தின் மேல் அச்சாகும் அதிகபட்ச சில்லறை விலையைத் தீர்மானிப்பவர் உற்பத்தியாளர், அல்லது இறக்குமதி செய்பவர். வரிகள் அனைத்தும் சேர்ந்த அந்தத் தொகையைப் பொட்டலத்தின் மேல் அச்சிட வேண்டும், அதற்கு மேல் விற்கக் கூடாது என்பதுதான் 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டமும் அதன் கீழ் 2011-இல் வந்த பொட்டலப் பொருள் விதிகளும் சொல்வது. எவ்வளவு உயர்த்தி அச்சிடலாம் என்பதற்குப் பெரும்பாலான பொருள்களில் வரம்பு கிடையாது.

நுகர்வோரைக் காக்க வந்த எண், இதனால் சில பொருள்களில் முதல் விடையில் சொன்ன நங்கூரமாகவே மாறிவிட்டது. ஒட்டாத தோசைக்கல், பிளாஸ்டிக் டப்பாக்கள், பயணப் பெட்டி, கைக்கடிகாரம் ஆகியவற்றில் 1,495 என்று அச்சாகி 700-க்கு விற்பதைப் பார்த்திருப்பீர்கள். இந்தப் பொருளை அச்சிட்ட விலைக்கு எந்தக் கடையாவது, எந்த மாதத்திலாவது விற்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். விற்கவில்லை என்றால் 1,495 என்பது விலையே அன்று. 700-ஐ மலிவாகக் காட்டுவதற்காகப் பக்கத்தில் நிறுத்திய எண்.

3. 499 என்றால் 500 என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். பிறகும் ஏன் அப்படியே போடுகிறார்கள்?

நம் ஊரில் இதற்குப் ‘பாட்டா விலை’ என்று பெயரே உண்டு. எல்லோரும் சிரித்துக்கொண்டேதான் வாங்குகிறோம். தெரிந்திருப்பது வேறு, விலைச்சீட்டின் மேல் கண் ஓடும் அரை நொடியில் மனம் பதித்துக்கொள்வது வேறு. எண்ணை இடமிருந்து வலமாகப் படிக்கிறோம். முதல் இலக்கம் 4 என்று பதிந்த பிறகு மீதியைக் கூட்டிப் பார்க்க மனம் சிரமப்படுவதில்லை. முதல் இலக்கம் மாறாத இடத்தில் இந்த வித்தை அவ்வளவாகப் பலிப்பதில்லை: 450-க்கும் 449-க்கும் பெரிய வேறுபாடு தோன்றாது, 500-க்கும் 499-க்கும் தோன்றும்.

அமெரிக்காவில் எரிக் ஆண்டர்சன், டங்கன் சிமெஸ்டர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் தபால்வழி விற்பனைப் பட்டியல்களில் ஒரே ஆடையை 34, 39, 44 டாலர் என மூன்று விலைகளில் அச்சிட்டு வெவ்வேறு வாடிக்கையாளர்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். 2003-இல் வெளியான முடிவின்படி 39 டாலர் விலையில்தான் அதிகம் விற்றது. ஐந்து டாலர் மலிவான 34-ஐவிடவும் அதிகம். ஒன்பதில் முடியும் விலைக்கு ‘இது குறைத்த விலை’ என்ற வாடை வந்துவிடுகிறது என்பது இதற்கு ஒரு விளக்கம். மொய் எழுதும்போது 500-ஐ 501 ஆக்கி நிறைவு காண்கிறோம்; கடையில் 500-ஐ 499 ஆக்கி நிறைவு காண்கிறோம். அந்த ஒரு ரூபாய்க்கு நம்மிடம் இருக்கும் மதிப்பு தனிதான்.

4. ஆடித் தள்ளுபடி உண்மையான தள்ளுபடியா, விலையை ஏற்றிவிட்டு இறக்குகிறார்களா?

இரண்டும் உண்டு, ஒரே கடையில் ஒரே தளத்தில் இரண்டும் இருக்கும். ஆடியில் கல்யாண முகூர்த்தங்கள் இல்லை என்பதால் வியாபாரம் மந்தமாக இருக்கும். தீபாவளிச் சரக்கு வந்து இறங்குவதற்குள் பழைய சரக்கு கிடங்கிலிருந்து வெளியேற வேண்டும். எனவே சில அளவுகள் மட்டும் மீந்த சட்டைகள், விற்காத நிறங்கள், சென்ற ஆண்டு வடிவங்கள் ஆகியவற்றில் கிடைக்கும் குறைப்பு மெய்யானது. சில நேரம் அடக்க விலைக்கும் கீழே போவதை நானே கணக்கில் எழுதியிருக்கிறேன்.

இன்னொரு வகை, ஆடிக்கென்றே வந்து இறங்கும் சரக்கு. ஆனி மாதக் கடைசியில் மூட்டை மூட்டையாக வரும். கடையின் வழக்கமான அலமாரியில் அது ஒரு நாளும் இருந்ததில்லை. கிடங்கில் இரண்டு பையன்கள் உட்கார்ந்து, மேலே பெரிய எண்ணும் அதன்மேல் சிவப்புக் கோடும் கீழே சிறிய எண்ணுமாக ஏற்கெனவே அச்சாகி வந்த சீட்டுகளைக் கட்டிக்கொண்டிருப்பார்கள். அடித்துக் காட்டிய விலைக்கு அந்தத் துணி விற்றதே இல்லை. அடிப்பதற்காகவே பிறந்த விலை அது. ஆகவே கோட்டுக்கு மேலே உள்ள எண்ணைக் கைவிரலால் மறைத்துக்கொண்டு, ‘இந்தத் துணியைச் சாதாரண நாளில் இந்த விலைக்கு எடுப்பேனா’ என்று மட்டும் பார்ப்பதே என் பழக்கம். ஆனியிலேயே ஒரு முறை கடைக்குப் போய் வந்தவர்களுக்கு இன்னும் எளிது. எது பழைய முகம், எது புது முகம் என்று தெரிந்துவிடும்.

5. 50 சதவீதத் தள்ளுபடி, அதற்கு மேல் இன்னொரு 20 சதவீதம் என்றால் மொத்தம் 70 தானே?

இல்லை, 60. ஆயிரம் ரூபாய்ப் பொருள் முதலில் 500 ஆகிறது. அந்த 500-இல் 20 சதவீதம் 100. நீங்கள் கொடுப்பது 400. ‘50% வரை’ என்று எழுதியிருந்தால் ‘வரை’ என்ற சொல்லை எந்த அளவு எழுத்தில் போட்டிருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள்.

6. ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்பது பாதி விலைக்குச் சமம்தானே? அதில் என்ன சூட்சுமம்?

உங்களுக்கு இரண்டு தேவையாக இருந்தால் சமம். ஒன்றே போதுமென்றால் முழு விலைக்கு ஒன்றை வாங்கி, வேண்டாத ஒன்றை வீட்டுக்குச் சுமந்து வருகிறீர்கள். பாதி விலைக்கு விற்றால் கடையிலிருந்து ஒரு பொருள் போகும். இந்த முறையில் இரண்டு போகும். ‘இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்’ என்பது 33 சதவீதக் குறைப்புதான். அதேபோல ‘50 சதவீதம் கூடுதல்’ என்று பொட்டலத்தில் எழுதியிருந்தால் அதுவும் 33 சதவீத விலைக் குறைப்புக்கே சமம்: 100 கிராம் விலைக்கு 150 கிராம் கிடைக்கிறது. எழுத்தில் 50 பெரிதாகத் தெரிவதால் அதை அச்சிடுகிறார்கள்.

காய்கறிக்காரம்மா பையில் போடும் கொசுறு இதிலிருந்து வேறுபட்டது என்பது என் எண்ணம். நாலு கறிவேப்பிலைக் கொத்தும் கொஞ்சம் கொத்தமல்லியும் பேரம் முடிந்து காசு கைமாறிய பிறகு வருகின்றன. அதைக் காட்டி அவர் எதையும் கூடுதலாக வாங்க வைக்கவில்லை. நாளைக்கும் அவரிடமே போக வைக்கிறார். இதுவும் வியாபாரம்தான், ஆனால் விலையை மதிப்பிடும் நேரத்தில் கண்ணை மறைக்காத வியாபாரம்.

7. ஐந்து ரூபாய் பிஸ்கட் இன்னும் ஐந்து ரூபாய்தானே? எல்லாம் விலை ஏறிவிட்டது என்று ஏன் புலம்ப வேண்டும்?

விலை ஏறாத பொட்டலத்தில் எடை இறங்கியிருக்கும். 5, 10, 20 என்பவை சில்லறை தேடாமல் கொடுக்கக்கூடிய தொகைகள். பெட்டிக்கடையில் குழந்தை ஒரே நாணயத்தைக் கொடுத்து வாங்கிப் போகும் தொகைகள். அவற்றை விட்டு 6 ரூபாய்க்குப் போனால் வாங்குகிறவர் கவனிப்பார். 60 கிராமை 55 ஆக்கினால் கவனிப்பது அபூர்வம். அதனால் எண்ணெயும் கோதுமையும் விலை ஏறும்போதெல்லாம் பொட்டலம் மெலிகிறது.

2025 செப்டம்பர் 22 அன்று பிஸ்கட் மீதான ஜி.எஸ்.டி. 18-இலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தபோது இந்தத் தொகைகளின் பிடி எவ்வளவு வலுவானது என்று தெரிந்தது. 5 ரூபாய்ப் பொட்டலத்தின் விலை கணக்குப்படி 4 ரூபாய் 45 காசு ஆக வேண்டும். காசு நாணயங்களே புழக்கத்தில் இல்லாத பெட்டிக்கடையில் மீதி 55 காசுக்கு யார் எங்கே போவது? விலையை 5-லேயே நிறுத்தி எடையைக் கூட்டித் தருவதுதான் இப்படிப்பட்ட பொட்டலங்களில் நடைமுறைக்கு ஒத்து வருகிறது.

8. பெரிய பாக்கெட்டாக வாங்கினால் எப்போதும் மலிவாகத்தான் இருக்கும், இல்லையா?

பெரும்பாலும் ஆம், எப்போதும் அன்று. ஷாம்பூவைச் சிறு உறைகளில் அடைத்து விற்கும் முறை நம் கடலூர்க்காரர்களால் பரவியது. பாட்டில் வாங்க வசதியில்லாதவர்களுக்காக வந்த உறை என்பதால் அதில் மில்லிலிட்டர் விலை கூடுதலாக இருக்கும் என்று நினைப்போம். போட்டி கடுமையான அந்தச் சந்தையில் சில வேளைகளில் உறைதான் மலிவு, பாட்டில்தான் விலை கூட.

தெரிந்துகொள்ள வழி உண்டு. 2021-இல் செய்த விதித் திருத்தத்தால், ஓர் அலகின் விலையையும் பொட்டலத்தில் அச்சிட வேண்டும் என்பது கட்டாயமாகியிருக்கிறது. ஒரு கிலோவுக்குக் குறைந்த பொட்டலத்தில் கிராம் ஒன்றுக்கு எவ்வளவு என்றும், அதற்கு மேற்பட்டதில் கிலோ ஒன்றுக்கு எவ்வளவு என்றும் இருக்கும். எம்.ஆர்.பி.க்குப் பக்கத்தில், எறும்பு ஊர்ந்ததுபோலச் சிறிதாக, ‘ஒரு கிராம் ரூ. 0.42’ என்ற பாணியில் அச்சாகியிருக்கும். ஏழாம் கேள்வியின் மெலியும் பொட்டலத்தையும் ஆறாம் கேள்வியின் ‘கூடுதல்’ பொட்டலத்தையும் ஒரே அளவுகோலில் நிறுத்துவது இந்த எண் ஒன்றே. மூக்குக்கண்ணாடியை மறக்காமல் எடுத்துப் போங்கள்.

9. மூன்று விலையில் காட்டினால் ஏன் கை நடுவில் இருப்பதற்கே போகிறது?

மலிவானதை எடுத்தால் தரம் இருக்காதோ என்ற அச்சம். விலை கூடியதை எடுத்தால் வீண் செலவோ என்ற உறுத்தல். நடுவில் இருப்பதற்கு இரண்டு பழியும் இல்லை. அமெரிக்காவில் வில்லியம்ஸ்-சொனோமா என்ற கடை வீட்டிலேயே ரொட்டி சுடும் இயந்திரத்தை 275 டாலருக்கு அறிமுகம் செய்தபோது அதிகம் விற்கவில்லை. பிறகு அதைவிடப் பெரிய, 50 சதவீதத்துக்கும் மேல் விலை கூடிய இயந்திரம் ஒன்றைப் பக்கத்தில் வைத்தார்கள். பெரியது விற்கவில்லை; பழைய 275 டாலர் இயந்திரத்தின் விற்பனை ஏறத்தாழ இரு மடங்கானது. பக்கத்தில் வைக்கும் பொருள் விற்க வேண்டும் என்ற அவசியமே இல்லை. அது நிற்கும் இடம்தான் அதன் வேலை.

பட்டுப்புடவைப் பிரிவில் இதை எந்தப் பாடநூலும் இல்லாமல் செய்கிறார்கள். “எவ்வளவுல பாக்கறீங்கம்மா?” என்று விற்பனையாளர் கேட்பார். “அஞ்சாயிரத்துக்குள்ள” என்பார் வந்தவர். அவர் தலையாட்டிவிட்டு, முதலில் 14,000 ரூபாய்ப் புடவையை மடி பிரித்து, முந்தானையை விளக்கு வெளிச்சம் படும்படி விரிப்பார். “எடுக்க வேணாம்மா, சும்மா பாருங்க.” அடுத்து 9,500. அதன் பிறகுதான் 4,800 வரும், அதுவும் முழுதாக விரிக்கப்படாமல் பாதி மடிப்பிலேயே. ஜரிகையின் பளபளப்பைப் பார்த்த கண்ணுக்கு அது சோபையில்லாமல் தெரியும். வந்தவர் 7,200-க்கு ஒன்றை எடுத்துக்கொண்டு, 14,000 செலவழிக்காமல் தப்பித்த நிறைவோடு போவார். நானே என் தங்கையிடம், முதலில் குறைந்த விலைப் புடவைகளையே எடுத்துப்போடச் சொல்லி அதிலிருந்து மேலே ஏறு என்று சொல்லி அனுப்பினேன். விற்பனையாளருக்கு அது பிடிக்கவில்லை என்று வந்து சொன்னாள்.

10. நகைக்கடையில் சேதாரத்தில் 25 சதவீதம் தள்ளுபடி என்கிறார்கள். அது நல்ல சலுகையா?

இதைத்தான் என்னிடம் அதிகம் பேர் கேட்டிருக்கிறார்கள், அதனால் சற்று நீட்டியே சொல்கிறேன். நகையின் விலை ஒரே தொகையாக வருவதில்லை. தங்கத்தின் விலை, சேதாரம், செய்கூலி, கல் இருந்தால் கல்லின் விலை, இவற்றின் மேல் 3 சதவீத ஜி.எஸ்.டி. என்று துண்டு துண்டாக வருகிறது. தங்கத்தின் அன்றாட விலை செய்தித்தாளில் வருவதால் அதில் கடைக்குக் கடை பெரிய வேறுபாடு இருக்க முடியாது. வேறுபாடு முழுவதும் சேதாரத்திலும் செய்கூலியிலும் இருக்கிறது. நமக்கு அளவுகோல் இல்லாத இடமும் அதுவே. ஆசாரி ராவும்போதும் உருக்கும்போதும் வீணாகும் தங்கத்துக்காக ஏற்பட்ட சொல் சேதாரம். இன்று இயந்திரத்தில் வார்த்த நகைக்கும் அதே பெயரில், கடை தீர்மானிக்கும் ஒரு சதவீதமாக அது நிற்கிறது.

கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டு ஒரு பவுன் சங்கிலிக்குக் கணக்குப் போடுவோம். தங்கம் 8 கிராம், 80,000. முதல் கடையில் சேதாரம் 18 சதவீதம், அதில் 25 சதவீதத் தள்ளுபடி. அதாவது 13.5 சதவீதம், 10,800. ஜி.எஸ்.டி. 2,724. மொத்தம் 93,524. இரண்டாம் கடையில் தள்ளுபடி, தோரணம், பேனர் எதுவுமில்லை. சேதாரம் 12 சதவீதம், 9,600. ஜி.எஸ்.டி. 2,688. மொத்தம் 92,288. தள்ளுபடி கொடுத்த கடையில் 1,236 ரூபாய் கூடுதல். ‘25’ என்ற எண் முழு விலையின் மேல் விழுந்ததுபோல மனத்தில் பதிகிறது. உண்மையில் அது விழுந்தது 14,400 ரூபாயின் மேல் மட்டும்.

‘சேதாரம் இல்லை’ என்ற விளம்பரம் கண்டால் செய்கூலி எவ்வளவு என்று பாருங்கள். ‘இரண்டும் இல்லை’ என்றால் தங்க விலையையும் கல்லின் எடையையும் பாருங்கள். கல்லின் எடையைக் கழித்த நிகர எடைக்குத்தான் தங்க விலை போட வேண்டும். தூய்மையைப் பற்றி இங்கே கவலைப்பட அவ்வளவு தேவையில்லை. 2023 ஏப்ரல் முதல் ஹால்மார்க் நகைகளில் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளக் குறியீடு கட்டாயமாகியிருக்கிறது, செயலியில் சரிபார்த்துக்கொள்ளலாம். கடைகளை ஒப்பிடும்போது ஒரே எடைக்கு, வரி உட்படக் கையிலிருந்து போகும் மொத்தத் தொகையை மட்டும் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். நடுவில் உள்ள துண்டுகளுக்கு அவர்கள் என்ன பெயர் வைத்தாலும் சரி.

11. தண்ணீர் பாட்டிலில் 20 ரூபாய் என்று அச்சிட்டிருக்கிறது. நட்சத்திர ஹோட்டலில் 100 ரூபாய் வாங்குகிறார்கள். இது குற்றமில்லையா?

கடையில் செய்தால் குற்றம். ஹோட்டலிலும் உணவகத்திலும் மேசைக்குக் கொண்டுவந்து பரிமாறும்போது அது வெறும் பொருள் விற்பனை அன்று, சேவையும் சேர்ந்தது என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் தீர்ப்பளித்தது. ஆகவே அங்கே எம்.ஆர்.பி. கட்டுப்படுத்தாது.

சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தால், அங்கே 100 கொடுக்கும் அதே மனிதர் தெருமுனைக் கடையில் 25 கேட்டால் சண்டை போடுகிறார். ரிச்சர்ட் தேலர் (2017-இல் பொருளியல் நோபல் பெற்றவர்) 1985-இல் வெளியிட்ட கட்டுரையில் இதே புதிர் வருகிறது. கடற்கரையில் படுத்திருக்கும் ஒருவருக்கு நண்பர் ஒரு பீர் வாங்கி வருகிறார். எவ்வளவு வரை கொடுக்கலாம்? ஆடம்பர விடுதியிலிருந்து வாங்குவதென்றால் 2.65 டாலர், பழைய மளிகைக் கடையிலிருந்து என்றால் 1.50 டாலர் என்பது கேட்கப்பட்டவர்களின் இடைநிலை விடை. பீர் ஒன்றே, குடிக்கும் இடமும் ஒன்றே. பொருளின் பயன் ஒரு பக்கம் இருக்க, ‘இந்த இடத்துக்கு இந்த விலை நியாயம்’ என்ற தனிக் கணக்கு ஒன்று மனத்தில் ஓடுகிறது என்றார் தேலர்.

12. தள்ளுபடியே வேண்டாம், ஒரே விலை என்று நேர்மையாக விற்றால் எல்லோருக்கும் நல்லதுதானே? ஏன் செய்வதில்லை?

செய்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் பழைய பெருங்கடைத் தொடரான ஜே.சி.பென்னி 2012-இல், புதிய தலைவர் ரான் ஜான்சனின் கீழ், ஓயாத தள்ளுபடிகளையும் கூப்பன்களையும் நிறுத்திவிட்டு அன்றாடம் ஒரே குறைந்த விலை என்று மாற்றியது. அந்த ஆண்டு விற்பனை ஏறத்தாழ கால் பங்கு சரிந்தது. 2013 ஏப்ரலில் ஜான்சன் வெளியேற, கூப்பன்கள் திரும்பி வந்தன. சரிவுக்கு வேறு காரணங்களும் உண்டு. கடையின் சரக்கையும் அமைப்பையுமே அவர் மாற்றிக்கொண்டிருந்தார். ஆனாலும் கூப்பனை வெட்டி வந்து விலை குறைத்து வாங்கிப் பழகியவர்களுக்கு, குறையாத விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் மலிவாகத் தோன்றவில்லை. தேலர் சொன்ன அந்தத் தனிக் கணக்கில் அவர்களுக்கு வரவு எதுவும் இல்லாமல் போயிற்று.

நம் ஊரில் ‘கறார் விலை’ என்று பலகை மாட்டிய கடைகள் பல காலமாகவே உண்டு. அவை நிலைத்த இடங்களைப் பார்த்தால், அந்தக் கடையின் விலை ஊரறிந்ததாக இருக்கும். பேரம் பேசத் தெரியாதவர்களும் நேரமில்லாதவர்களும் நம்பிப் போவார்கள்.

13. விலை கூடியது தரமாக இருக்கும் என்று நினைப்பது அவ்வளவு தவறா?

முழுத் தவறில்லை. தரத்தை நம்மால் சோதிக்க முடியாத இடத்தில் விலையும் ஒரு தகவல்தான். சிக்கல் என்னவென்றால், விலையைத் தெரிந்துகொண்ட பிறகு நம் அனுபவமே மாறிவிடுகிறது. 2008-இல் கலிஃபோர்னியாவில் நடந்த ஆய்வில் ஒரே ஒயினை 10 டாலர் என்றும் 90 டாலர் என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். 90 என்று கேட்டுக் குடித்தபோது சுவை நன்றாக இருப்பதாகச் சொன்னதோடு, இன்பத்தை உணரும் மூளைப் பகுதியிலும் செயல்பாடு கூடியிருந்தது. நாக்கு பொய் சொல்லவில்லை. விலையும் சுவையின் ஒரு பகுதியாகிவிட்டது.

மக்கள் மருந்தகங்களிலும், 2025-இல் தமிழக அரசு தொடங்கிய முதல்வர் மருந்தகங்களிலும் இதன் மறுபக்கத்தைப் பார்க்கலாம். அதே மூலக்கூறு, அதே மில்லிகிராம் கொண்ட மாத்திரை மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும்போது, “இது கேக்குமா?” என்று அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறவர்கள் அநேகர். என் அண்ணியும் அவர்களில் ஒருவர்.

14. வட்டியில்லாத் தவணை என்றால் உண்மையிலேயே வட்டி இல்லையா?

வட்டி இருக்கிறது; வேறு பெயரில் இருக்கிறது. வட்டியே இல்லாத கடன் என்ற ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. இன்று நடப்பது பெரும்பாலும் இப்படி: வட்டிக்கு நிகரான தொகையை முதலிலேயே விலையில் தள்ளுபடியாகக் காட்டிவிட்டு, வங்கி அதை வட்டியாக வசூலிக்கிறது. அந்த வட்டியின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும், பல நேரங்களில் செயல்முறைக் கட்டணமும் உங்கள் கணக்கில் ஏறும். மொத்தப் பணம் கொடுத்தால் என்ன விலை என்று தனியாகக் கேளுங்கள். குறைத்துத் தருவதாகச் சொன்னால், அந்த வேறுபாடும் வட்டிதான்.

தவணையின் இன்னொரு விளைவு, விலை என்ற எண்ணே மாறிவிடுவது. 48,000 ரூபாய்த் தொலைபேசி ‘மாதம் 2,000’ ஆகும்போது, அதை நாம் கேபிள் கட்டணத்தோடும் பால் கணக்கோடும் ஒப்பிடத் தொடங்குகிறோம்.

15. ஆன்லைனில் ‘இன்னும் 2 மட்டுமே உள்ளது’, ‘12 நிமிடத்தில் சலுகை முடிகிறது’ என்றெல்லாம் வருகிறதே, நம்பலாமா?

பொய்யாக அவசரம் காட்டுவதை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் தடை செய்கின்றன. அதில் பட்டியலிட்ட 13 ஏமாற்று வடிவங்களில், கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பது, முதலில் குறைந்த விலையைக் காட்டிவிட்டுக் கடைசிப் பக்கத்தில் கட்டணங்களைச் சொட்டுச் சொட்டாகச் சேர்ப்பது ஆகியவையும் உண்டு. தடை இருப்பதால் வழக்கம் நின்றுவிட்டது என்று நினைக்க வேண்டாம். கடிகாரம் பூச்சியத்தைத் தொட்ட பிறகு பக்கத்தை மறுபடி திறந்து பாருங்கள். பல நேரம் அது மீண்டும் ஓடத் தொடங்கியிருக்கும்.

சொட்டுச் சொட்டாக ஏறும் கட்டணத்துக்கு நகைக்கடைக் கணக்கில் சொன்ன வழிதான்: இறுதித் தொகையை மட்டும் ஒப்பிடுங்கள். ‘199-க்கு மேல் வாங்கினால் விநியோகம் இலவசம்’ என்பதற்காக 25 ரூபாய்க் கட்டணத்தைத் தவிர்க்க 60 ரூபாய்க்குச் சிப்ஸ் வாங்குவது பரவலான பழக்கம். சிப்ஸ் தின்னும் ஆசை இருந்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. எம்.ஆர்.பி.க்கு மேல் வாங்கினாலோ, காட்டிய விலை ஒன்றும் எடுத்த பணம் ஒன்றுமாக இருந்தாலோ, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள்.

16. இவ்வளவு தெரிந்த நீங்கள் ஏமாறுவதே இல்லையா?

அமெரிக்காவின் டூசான் நகரில் வீட்டுத் தரகர்களை ஒரு வீட்டுக்கு அழைத்துப் போய் அதன் மதிப்பைக் கணிக்கச் சொன்னார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் வெவ்வேறு கேட்பு விலையைத் தாளில் கொடுத்திருந்தார்கள். 1987-இல் வெளியான அந்த ஆய்வில், தொழிலிலேயே ஊறிய தரகர்களின் கணிப்பும் தாளிலிருந்த எண்ணை நோக்கி இழுபட்டது. அதைப் பொருட்படுத்தியதாக ஒப்புக்கொண்டவர்கள்தாம் குறைவு. அந்தத் தரகர்களைவிட நான் கெட்டிக்காரன் இல்லை.

சென்ற தீபாவளிக்கு ஒரே ஒரு சட்டை எடுக்கப் போய், இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்றதால் மூன்றோடு திரும்பினேன். மூன்றாவதில் என் அளவான 40 இல்லை. 42 தான் இருந்தது. சீட்டில் 1,899-ஐ அடித்து 1,299 என்று போட்டிருந்ததைப் பார்த்து, தைத்துக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளலாம் என்று எடுத்துவிட்டேன். அது கழுத்து அட்டையும் குண்டூசியும் கழற்றப்படாமல் இன்னும் பீரோவில்தான் இருக்கிறது.